எண் இழுத்த கோடு: விரிதாள் விளக்கப்படம் வரைகலை மென்பொருளுக்குப் போகும் வழி

எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருள்களில் பிறக்கும் விளக்கப்படங்கள் ஆய்வேடுகளிலும் ஆண்டறிக்கைகளிலும் பாடநூல்களிலும் இதழ்களிலும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, திரையில் தெரிவதை அப்படியே ‘ஸ்கிரீன்ஷாட்’ எடுத்துப் பக்கத்தில் ஒட்டும் வழியிலேயே அச்சுக்கு வந்து சேருகின்றன. இவ்வாறு எடுக்கப்படும் படம் பிக்சல் எனப்படும் நிறப்புள்ளிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு கட்டம் மட்டுமே. எக்செல்லில் புதிதாகச் செருகப்படும் விளக்கப்படம் இயல்பாக 5 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்னும் திரைக் கணக்கில் அது 480-க்கு 288 புள்ளிகளாகிறது. புகைப்படத்துக்கே அங்குலத்துக்கு 300 புள்ளிகளை அச்சகங்கள் எதிர்பார்க்கும்போது, அந்த 480 புள்ளிகள் தெளிவு குறையாமல் நிரப்பக்கூடிய அகலம் 1.6 அங்குலம்தான், கோட்டோவியங்களுக்கு 1000 புள்ளிகள் வேண்டும் என்று பல ஆய்விதழ்கள் விதிக்கும் கணக்கில் பார்த்தால் அரை அங்குலம்கூடத் தேறாது. அதையே பக்க அகலத்துக்கு இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டாகி, மெல்லிய கோடுகள் கலங்கிப் போவதைத் தவிர்க்க வழியில்லை. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு: ஒட்டப்பட்ட அந்தப் படத்தில் ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது.

இதற்கு மாற்றாக இருப்பது வெக்டார் வரைகலை, அதாவது உருவங்களைப் புள்ளிக் கூட்டங்களாகச் சேமிக்காமல், எங்கே தொடங்கி எந்த வளைவில் சென்று எங்கே முடிய வேண்டும் என்னும் கணிதக் குறிப்புகளாகச் சேமிக்கும் முறை. பட்டை விளக்கப்படத்தின் ஒரு பட்டை இந்த முறையில் நான்கு முனைகளைக் கொண்ட மூடிய பாதை. அதன் நிறம் அந்தப் பாதைக்குள் நிரப்பச் சொல்லும் ஒரு கட்டளை. வளைகோடுகளுக்கு இந்த முறை பயன்படுத்தும் பெசியே வளைவுகள் பிரான்ஸின் மோட்டார்த் தொழிலிலிருந்து வந்தவை: சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ழோவும் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் காரின் உடற்கூட்டு வளைவுகளைக் கணிப்பதற்காகத் தனித்தனியே வகுத்த கணிதம் அது. அடோபி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழி அதை அச்சுலகுக்குக் கொண்டுவந்தது; 1987-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் அந்த வளைவுகளைச் சுட்டியால் பிடித்து இழுக்கும் வசதியைத் தந்தது. வெக்டார் படத்தை அஞ்சல்தலை அளவிலும் சுவரொட்டி அளவிலும் ஒரே கூர்மையோடு அச்சிட முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அச்சுப்பொறி அந்தக் குறிப்புகளைப் படித்துக் கோட்டைப் புதிதாக இழுப்பதுதான்.

விரிதாளிலுள்ள விளக்கப்படமும் உள்ளுக்குள் வெக்டார்தான் என்பதால், அதை அப்படியே வெக்டாராக வெளியே எடுப்பது எளிய வேலையாகத் தோன்றலாம். இரண்டு மென்பொருள்களும் ஒரே பட்டையை வெவ்வேறு விதமாக அறிந்திருக்கின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விரிதாளைப் பொறுத்தவரை பட்டை என்பது ஓர் எண்ணின் நிழல். கட்டத்தில் எண் மாறினால் பட்டையின் உயரமும் மாறும். வரைகலை மென்பொருளோ அதே பட்டையை நான்கு முனைகளாக மட்டுமே அறியும். அந்த முனைகள் எந்த எண்ணால் அங்கே வந்தன என்பது அதற்குத் தெரியாது. எனவே இந்த மாற்றம் ஒருவழிப் பயணம். விரிதாளிலிருந்து வரைகலைக்குப் போகலாம். வரைகலையில் செய்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு விரிதாளுக்குத் திரும்ப முடியாது. இந்த ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்ற நடைமுறை முடிவுகளில் பெரும்பாலானவை தாமாகவே அமைந்துவிடும்.

இவ்விடத்தில் வில்லியம் பிளேஃபேரை நினைவுகூர்வது பொருந்தும். பட்டைப் படத்தையும் காலவரிசைக் கோட்டுப் படத்தையும் பொருளாதாரத் தரவுகளுக்குப் பயன்படுத்திய அவருடைய நூல் 1786-இல் லண்டனில் வெளிவந்தது; வட்டப்படம் 1801-இல் வந்த இன்னொரு நூலில் இடம்பெற்றது. நீராவி எந்திரத்தோடு பெயர் பிணைந்த ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணியாற்றியவர் அவர். எண்ணைப் புரிந்துகொண்ட கையும் கோட்டை இழுத்த கையும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. இன்று அந்த வேலை இரண்டு மென்பொருள்களுக்கும், பெரும்பாலும் இரண்டு மனிதர்களுக்கும் பிரிந்து போய்விட்டது: தரவைத் தொகுக்கும் ஆய்வாளர் ஒருவர், பக்கம் அமைக்கும் வடிவமைப்பாளர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே கைமாறும் கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே, எண்ணின் உண்மை பக்கம் வரை பத்திரமாகப் போய்ச் சேருமா என்பது தீர்மானமாகிறது.

எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் மக்கள்தொகையைக் காட்டும் ஒரு பட்டைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி அது 1951-இல் 3.01 கோடி, 1961-இல் 3.37 கோடி, 1971-இல் 4.12 கோடி, 1981-இல் 4.84 கோடி, 1991-இல் 5.59 கோடி, 2001-இல் 6.24 கோடி, 2011-இல் 7.21 கோடி. ஏழு பட்டைகள், ஓர் அளவுகோல், சில பின்னணிக் கோடுகள், தமிழில் ஒரு தலைப்பு என்று படம் சிறியதுதான். ஆனால் இந்த மாற்றத்தில் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவை இதிலேயே தலைகாட்டிவிடும்.

முதலில் விரிதாளிலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள் இருக்கின்றன. எண்ணால் தீர்மானமாகும் எதையும் வரைகலை மென்பொருளில் தொடக் கூடாது. கண்ணுக்காகத் தீர்மானிக்கப்படும் எதையும் விரிதாளில் முடித்துவிட மெனக்கெட வேண்டியதும் இல்லை. அளவுகோல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை கோடிக்கு ஒரு கோடு, பட்டைகளின் வரிசை என்ன, மதிப்புகள் எத்தனை தசம இடங்களுக்கு முழுமையாக்கப்பட்டுள்ளன என்பவை எல்லாம் முதல் வகை. இவற்றுள் தொடக்கப்புள்ளி மிகவும் முக்கியமானது, ஏனெனில் பட்டைப் படத்தில் வாசகரின் கண் ஒப்பிடுவது நீளங்களை. மேற்கண்ட படத்தில் அளவுகோலைச் சுழியத்திலிருந்து தொடங்கினால் 2011-இன் பட்டை 1951-இன் பட்டையைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு உயரம் இருக்கும், அது உண்மை. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி 2.5 கோடியில் தொடங்கினால், 0.51-க்கும் 4.71-க்கும் உள்ள விகிதமே கண்ணுக்குத் தெரிந்து, மக்கள்தொகை ஒன்பது மடங்குக்கு மேல் பெருகிவிட்டதாகப் படம் சொல்லிவிடும். பின்னர் வரைகலையில் என்ன அழகு சேர்த்தாலும் அந்தப் பொய் நீங்காது.

அதே நேரத்தில், விரிதாள் தானாகச் சேர்க்கும் அலங்காரங்களை அங்கேயே கழற்றிவிடுவது பெரிய உதவி. நிழல், நிறச்சரிவு, ஒளிபுகும் நிறம், முப்பரிமாணத் தோற்றம் ஆகியவை கோப்பு மாற்றத்தின்போது துண்டு துண்டான பட்டிகளாகவோ பிக்சல் படங்களாகவோ உடைந்து வெளிவரும். பின்னணி வெள்ளையையும் வெளிக்கட்டத்தையும் ‘நிரப்பு இல்லை’, ‘கோடு இல்லை’ என்று மாற்றிவிடலாம். இன்னொரு பயனுள்ள பழக்கமும் உண்டு: பின்னணிக் கோடுகளுக்கு ஒரு நிறம், அளவுகோல் எண்களுக்கு இன்னொன்று, ஒவ்வொரு தரவு வரிசைக்கும் வெவ்வேறு பளிச்சென்ற தட்டை நிறம் என்று தற்காலிகமாக நிறம் கொடுத்து அனுப்புவது. அழகுக்காகச் செய்யப்படுவதன்று இது. வரைகலை மென்பொருளில் ‘ஒரே நிறமுள்ளவற்றைத் தேர்ந்தெடு’ என்னும் கட்டளையால் அந்தந்த வகையை ஒரே சொடுக்கில் பிடிப்பதற்கான அடையாளம். இன்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் ‘செலக்ட் சேம்’ என்னும் பட்டியல் இதற்காகவே இருக்கிறது.

வெளியே எடுக்கும் வழிகள் பல இருப்பினும் அவை மூன்று கோப்பு வகைகளில் அடங்கிவிடும். முதலாவது விண்டோஸின் மெட்டாஃபைல். ‘இங்கே ஒரு கோடு இழு, இந்தப் பலகோணத்தை நிரப்பு, இந்த இடத்தில் இந்த எழுத்தை இடு’ என்று விண்டோஸின் வரைகலை அமைப்புக்குத் தரப்படும் கட்டளைகளை வரிசையாகப் பதிவு செய்து வைக்கும் கோப்பு இது. 16 பிட் ஆயங்களைக் கொண்ட டபிள்யூஎம்எஃப் பழையது. 1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்த 32 பிட் இஎம்எஃப் அதன் அடுத்த தலைமுறை. எக்செல்லில் விளக்கப்படத்தை நகலெடுத்து, பவர்பாயின்டில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ வழியாக ‘என்ஹான்ஸ்டு மெட்டாஃபைல்’ என்று ஒட்டி, ‘அன்குரூப்’ கொடுத்தால், இதை வரைபொருள்களாக மாற்றலாமா என்று மென்பொருள் கேட்கும். சரி என்றதும் பட்டைகளும் எழுத்துகளும் தனித்தனியே பிரியும். லிப்ரே ஆபீஸ் டிராவில் விளக்கப்படத்தை ‘ஜிடிஐ மெட்டாஃபைல்’ ஆக ஒட்டி ‘பிரேக்’ கட்டளை கொடுப்பதும் இதே வேலையைச் செய்கிறது. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள வழி என்றாலும் இதற்கு எல்லைகள் உண்டு. ஆயங்கள் முழு எண்களாகச் சேமிக்கப்படுவதால் சாய்கோடுகளும் வளைவுகளும் சில வேளைகளில் நுண்ணிய படிகளாகத் தெரியும். தமிழ் எழுத்துகளுக்கு நேரும் கேடு பற்றிப் பின்னர் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது எஸ்விஜி. உலகளாவிய வலைத்தள நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001-இல் பரிந்துரைத்த இந்த வடிவம் வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் உரிய முனைகளின் ஆயங்களையும் நிறத்தையும் வரிவரியாகப் படிக்கலாம். கால்க்கில் விளக்கப்படத்தின் மீது வலச்சொடுக்கு செய்து ‘எக்ஸ்போர்ட் ஆஸ் இமேஜ்’ என்பதில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். எக்செல்லின் அண்மைய பதிப்புகளில் ‘சேவ் ஆஸ் பிக்சர்’ வழியாக இது கிடைக்கிறது. 2003-இல் தொடங்கப்பட்ட இன்க்ஸ்கேப்புக்கு இதுவே தாய்மொழி போன்ற கோப்பு வடிவம். இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா ஆகியனவும் இதைத் திறக்கும்.

மூன்றாவது பிடிஎஃப். 1993-இல் அறிமுகமாகி 2008-இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் நெறியாகவும் ஏற்கப்பட்ட இந்தக் கோப்புக்குள் போஸ்ட்ஸ்கிரிப்டின் வரைகலை முறை அப்படியே வாழ்கிறது என்பதால், வெக்டார் உருவங்கள் மிகத் துல்லியமாக வந்து சேரும். ஆனால் எக்செல்லில் விளக்கப்படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து பிடிஎஃப் ஆக்கினால் அது பக்கம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் கொண்டதால், திட்டமிட்ட அளவு மாறிவிடும். திறந்தவுடன் அளவை மீட்டமைக்க வேண்டும்.

எந்தக் கோப்பில் வந்தாலும் வரைகலை மென்பொருளில் திறந்தவுடன் தெரிவது ஒற்றைக் குழுவாகக் கட்டப்பட்ட படம். குழுவைப் பிரித்தால் உள்ளே இன்னொரு குழு, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கடுக்காக வருவதும், ஒவ்வொன்றையும் சுற்றி ‘கிளிப்பிங் மாஸ்க்’, அதாவது குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே உள்ளதைக் காட்டாமல் மறைக்கும் கண்ணுக்குத் தெரியாத சட்டகம் இருப்பதும் இயல்பு. எல்லாப் பக்கமும் வெட்டுப்பட்டது போலப் பட்டைகள் தெரிந்தால், பெரும்பாலும் இந்தச் சட்டகத்தை இடம் மாற்றியதே காரணமாக இருக்கும். அதை விடுவித்துவிட்டால் சரியாகும். விடுவிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அளவுகோலின் எல்லைக்கு வெளியே போய் மறைக்கப்பட்டிருந்த தரவுப் புள்ளிகள் கோப்பில் அழியாமல் இருக்கும், அவை மீண்டும் தலைகாட்டும். வெளியிட விரும்பாத மதிப்பை அளவுகோலைச் சுருக்கி மறைத்ததாக எண்ணியிருப்பவர் இதனால் ஏமாற நேரிடலாம். விளக்கப்படத்தை வெக்டாராக மாற்றாமல், விரிதாள் பொருளாகவே வேர்டிலோ பவர்பாயின்டிலோ பதித்தால் ஆபத்து இன்னும் பெரிது, ஏனெனில் அப்போது படத்தோடு முழுப் பணிப்புத்தகமும், அதிலுள்ள பிற தாள்களோடு சேர்ந்து, பெறுபவரின் கைக்குப் போய்விடும். ஊதியப் பட்டியலோ மதிப்பெண் பட்டியலோ இருக்கும் கோப்புகளில் இது சிறிய விஷயமே அன்று.

பிரித்தபின் பட்டைகளை ஓர் அடுக்கிலும், பின்னணிக் கோடுகளை அதற்குக் கீழே வேறோர் அடுக்கிலும், எழுத்துகளை எல்லாவற்றுக்கும் மேலே மற்றோர் அடுக்கிலும் வைத்து, பட்டைகளின் அடுக்கைப் பூட்டிவிடுவது நல்லது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட சிதறல் படமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தனிப்பொருளாக வந்து மென்பொருளைத் திணறச் செய்யும். அத்தகைய படங்களில் புள்ளிக் கூட்டத்தை மட்டும் உயர்ந்த தெளிவுள்ள பிக்சல் படமாக்கி, அளவுகோலையும் எழுத்துகளையும் வெக்டாராக வைத்துக்கொள்வது ஏற்கத்தக்க சமரசம்.

தமிழில் பெயரிடப்பட்ட படங்களுக்கு நேர்வது தனிக்கதை. ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன: ‘கோ’ என்பது முதலில் ககரம், பிறகு ஓகாரக் குறி. திரையில் காட்டும்போதுதான் எழுத்துருவிலுள்ள விதிகளின்படி அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாகச் சேர்கிறது. பிடிஎஃப் கோப்பு எழுத்துகளை அவற்றின் தோற்ற வடிவங்களாகவும் இடங்களாகவுமே பதிவு செய்வதால், அதைத் திறந்து மீண்டும் உரையாக்கும் மென்பொருள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களைப் பொறுக்கிவிட வாய்ப்புண்டு. அப்போது ‘மக்கள்தொகை (கோடி)’ என்னும் தலைப்பு ‘மக்கள்ெதாைக (ேகாடி)’ என்று உருக்குலைந்து நிற்கும். இஎம்எஃப் கோப்பில் நிலைமை இதைவிட மோசம்: தமிழ் போன்ற கூட்டெழுத்து முறைகளுக்கு விண்டோஸ் எழுத்தின் குறியெண்ணைப் பதிவு செய்யாமல், அந்த எழுத்துருவுக்குள் அந்த வடிவம் இருக்கும் வரிசையெண்ணைப் பதிவு செய்வது உண்டு. வேறு கணினியில், வேறு எழுத்துருவில் அதே வரிசையெண்ணில் வேறேதோ வடிவம் இருக்கும். ஆகவே தலைப்பு கட்டங்களாகவோ பொருளற்ற எழுத்துகளாகவோ மாறிவிடுகிறது.

பாமினி போன்ற பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட விரிதாள்கள் இன்னும் பல அலுவலகங்களில் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களிலேயே குடியிருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எந்தக் கோப்பு வகையைத் திறந்தாலும் தலைப்பு முழுவதும் ரோமன் எழுத்துக் குவியலாகவே தெரியும். இத்தகைய தாள்களை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் படம் வரைவதே சரி.

மூன்று வடிவங்களில் தமிழுக்கு மிகவும் பாதுகாப்பானது எஸ்விஜிதான். உரை அதில் உரையாகவே, ஒருங்குறி வரிசையிலேயே எழுதப்படுகிறது என்பதால், இன்க்ஸ்கேப் அதைத் திறக்கும்போது தன் எழுத்துரு இயந்திரத்தால் கொம்பையும் காலையும் மீண்டும் சரியாகப் பொருத்திக்கொள்ளும். ஆனாலும் ஏற்றுமதியின்போது ஒரு தொடர் பல துண்டுகளாக உடைந்து தனித்தனி உரைப்பெட்டிகளாக வருவதுண்டு. எனவே எண்களை மட்டும் வந்தபடி வைத்துக்கொண்டு, தமிழ்த் தலைப்புகளையும் குறிவிளக்கங்களையும் அழித்துவிட்டு வரைகலை மென்பொருளிலேயே புதிதாகத் தட்டச்சு செய்வது, சிதைந்ததைச் சீர்செய்வதைவிட எப்போதும் விரைவானது. எண்களை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்யக் கூடாது. விரிதாள் இட்ட எண்ணைக் கைவிட்டுக் கையால் இடும் எண்ணில் பிழை நுழையக் கதவு திறக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் எழுதுவோர் அதன் அமைப்புகளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து விருப்பத்தை இயக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒருங்குறித் தமிழ்கூடக் கொம்பும் காலும் பிரிந்தே நிற்கும்.

அச்சகத்துக்கு அனுப்பும் நேரத்தில் ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்னும் வேண்டுகோள் வழக்கமாக வரும். எழுத்துகளை எழுத்துகளாக வைக்காமல் வெறும் வளைகோட்டு உருவங்களாக மாற்றிவிட்டால் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோற்றம் மாறாது என்பதே அதன் நியாயம், அது சரியான நியாயமும்தான். எனினும் கர்வ் செய்த கோப்பில் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது, ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வைக் குறைபாடுள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்கவும் முடியாது. ஆகவே கர்வ் செய்வது எப்போதும் ஒரு நகலில்தான் நடக்க வேண்டும்; உரை உயிரோடு இருக்கும் மூலக்கோப்பு தனியே இருக்க வேண்டும். இணையத்தில் வெளியிடும் எஸ்விஜிக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதும் இடங்கள் அந்த வடிவத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்டுள்ளன. ‘தமிழ்நாட்டின் மக்கள்தொகை, 1951 முதல் 2011 வரை’ என்ற ஒரு வரியை அங்கே எழுதிவிட்டால் படத்தைப் பார்க்க முடியாத வாசகருக்கும் அது போய்ச் சேரும்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது குறைவு, ஆனால் அதைத் தவறவிட்டால் அச்சில் நன்றாகவே தெரியும். விரிதாள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவையில் நிறத்தைக் கணிக்கிறது. அச்சகமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அச்சிடுகிறது. அண்மைய எக்செல் பதிப்புகள் அளவுகோல் எழுத்துகளுக்கு இயல்பாகத் தரும் அடர்சாம்பல், ஒளிக்கணக்கில் மூன்றும் 89 என்னும் மதிப்புடையது. அதை அப்படியே மைக்கணக்குக்கு மாற்றினால் நான்கு மைகளின் கலவையாகிவிடும். எட்டுப் புள்ளி அளவுள்ள சிறு எழுத்து நான்கு தகடுகளிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும்போது தகடு இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறக்கரை படிந்துவிடும். எழுத்துகளையும் கோடுகளையும் கறுப்பு மை மட்டுமே உள்ள நிறத்துக்கு, வேண்டுமானால் அதன் குறிப்பிட்ட சதவீத அளவுக்கு, மாற்றிவிடுவதே தீர்வு. இந்த மைப் பிரிப்பை இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் ஆகியவற்றில் செய்யலாம்; இன்க்ஸ்கேப் இந்த வேலைக்கு ஏற்றதன்று.

அளவு பற்றிய ஒரு குழப்பம் பலரையும் அலைக்கழிக்கிறது. இன்க்ஸ்கேப் 2017-இல் வந்த பதிப்பு முதல் ஓர் அங்குலத்தை 96 பிக்சலாகக் கொள்கிறது, இல்லஸ்ட்ரேட்டரோ 72 ஆகக் கொள்கிறது. 96 கணக்கில் எழுதப்பட்ட 480 பிக்சல் அகலப் படம் 5 அங்குலம். அதையே 72 கணக்கில் படித்தால் 6.67 அங்குலம். எதிர்த்திசையில் போனால் படம் முக்கால் பங்காகச் சுருங்கும். விகிதம் கெடாததால் கண்ணுக்குத் தவறு தெரியாது, பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே படத்தை அளந்து சரிபார்ப்பது என்பது விருப்பத்துக்கு விடப்பட்ட வேலையன்று. மக்கள்தொகைப் படத்தில் ஒரு கோடிக்கு 10 மில்லிமீட்டர் என்று அளவை அமைத்தால், 1951-இன் பட்டை 30.1 மில்லிமீட்டரும் 2011-இன் பட்டை 72.1 மில்லிமீட்டரும் உயரம் காட்ட வேண்டும். பட்டையைச் சொடுக்கினாலே மேற்பட்டியில் உயரம் தெரியும் என்பதால் ஏழையும் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். பட்டைக்கு வெளிக்கோடு இருந்தால் அதன் தடிமனும் உயரத்தில் சேர்ந்துவிடும். இன்க்ஸ்கேப்பில் வடிவத்தின் எல்லையை மட்டும் அளக்கும்படி அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது வெளிக்கோட்டை நீக்கிவிட வேண்டும். படத்தை உயரவாக்கில் மட்டும் நீட்ட நேர்ந்தால் பட்டைகளையும் அளவுகோலையும் பின்னணிக் கோடுகளையும் ஒன்றாகப் பிடித்தே நீட்ட வேண்டும். அதில் எழுத்துகள் சேரக் கூடாது, சேர்ந்தால் அவையும் நீண்டு அசிங்கப்படும்.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. வரைகலை மென்பொருளில் ஒரு பட்டையின் மேல்விளிம்பைச் சுட்டி தவறுதலாகத் தொட்டு இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திவிட்டால், மேற்சொன்ன அளவில் அது 20 லட்சம் மக்கள். எந்த எச்சரிக்கையும் வராது, எந்தக் கட்டமும் சிவப்பாகாது. திருத்தத்தக்க படம் என்பது தவறாகவும் திருத்தத்தக்க படம் என்பதால், அந்த உரிமையைக் கையில் எடுப்பவர் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். அதே உரிமை நேர்மையாகப் பயன்படும்போது படம் பேசத் தொடங்குவதையும் காணலாம். தமிழ்நாட்டின் பத்தாண்டு வளர்ச்சி வீதம் 1991–2001-இல் 11.7 சதவீதமாகக் குறைந்து, 2001–2011-இல் 15.6 சதவீதமாக உயர்ந்தது. மற்றப் பட்டைகளை வெளிர்சாம்பலாக்கி, கடைசிப் பட்டைக்கு மட்டும் அடர்நிறம் கொடுத்து, அதன் அருகில் இந்த உயர்வை ஒரு வரியில் எழுதினால் வாசகரின் கண் சரியான இடத்தில் நிற்கும். பெட்டிக்குள் அடைபட்ட குறிவிளக்கத்தை நீக்கிப் பட்டையின் அடியிலேயே ஆண்டை எழுதுவதும், இடையிலுள்ள பின்னணிக் கோடுகளை அரைவாசியாகக் குறைப்பதும் இந்தப் பணியின் உண்மையான பயன்கள். இவற்றில் எதுவும் எண்ணைத் தொடுவதில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் வரும்போது இந்தப் படத்துக்கு எட்டாவது பட்டை தேவைப்படும். அப்போது வரைகலைக் கோப்பைத் திறந்து ஏழாவது பட்டையை நகலெடுத்துக் கண்மதிப்பில் உயர்த்தத் தோன்றும். அதைச் செய்யாமல் விரிதாளுக்குத் திரும்பி, எண்ணைச் சேர்த்து, மறுபடி ஏற்றுமதி செய்து, நிறங்களையும் தலைப்புகளையும் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் பொருத்துவதுதான் முறை. அதற்கு விரிதாள் கையில் இருக்க வேண்டும். எனவே விளக்கப்படத்தை வடிவமைப்பாளருக்கோ அச்சகத்துக்கோ இதழாசிரியருக்கோ அனுப்பும் ஒவ்வொருவரும் எஸ்விஜி கோப்போடு, அந்தப் படம் பிறந்த தாளை மட்டும் தனிக்கோப்பாகப் பிரித்து, அதே பெயரில், அதே உறையில் சேர்த்து அனுப்ப வேண்டும்; பெறுபவர்களும் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.